அனுசுயா கேட்ட மெட்ராஸ்

கம்பத்தில், கம்பம்மெட்டு ரோட்டில் எனக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் விடியும் முன்னே என் கடை வாசலில்தான் வந்து நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் வந்து ஏறுவார்கள். மலை ஏறிக் கேரளத்துப் பக்கம் போய்க் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இதே இடத்தில் வந்து இறங்குவார்கள்.

அந்த ஜீப் டிரைவர்களில் கர்ணன் அண்ணனைப் போல வாய் திறக்காத மனிதரை நான் பார்த்ததில்லை. டயரில் காற்று குறைந்தால் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார். வேலை முடிந்தால் தலையை ஒரு ஆட்டு. “ஏண்ணே, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“வண்டிக்குள்ள இம்புட்டு வாய் இருக்கு. நான் வேற எதுக்கு?” என்றார். அந்த நாட்களில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அநேகமாக அதுதான்.

அவர் சொன்னதும் நியாயம்தான். அவர் ஜீப்பின் முன் சீட்டில் அவர் மனைவி அனுசுயா இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் பின்னால் உட்கார்ந்து போகிற ஆட்களில் ஒருத்தி. பின்சீட்டிலிருந்து அவள் பேசுகிற பேச்சைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியவர், ஒருநாள் முன் சீட்டிலிருந்த சாமானையெல்லாம் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, “இங்கன வந்து உக்காரு” என்றாராம். பெண் கேட்டது அவ்வளவுதான்.

அன்று தொடங்கி மலை ஏறும்போதும் இறங்கும்போதும் அவள் பேசிக்கொண்டேதான் வருவாள். எஸ்டேட் மேஸ்திரி பேண்டில் அட்டை ஏறிய கதை, மொக்கம்மாளின் மருமகள் மிக்சியில் துணி துவைக்கப் பார்த்த கதை, சந்தையில் இரண்டு பேர் ஒரே கோழிக்குச் சண்டை போட்டு, கோழி மூன்றாவது ஆளின் பைக்குள் போய் உட்கார்ந்துகொண்ட கதை. அவர் வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி “ம்” என்பார். “எங்க வீட்டுக்காரக ‘ம்’முல பல தினுசு இருக்கு. கோவத்துக்கு ஒண்ணு, சோத்துக்கு ஒண்ணு, சிரிப்பை அடக்குறதுக்கு ஒண்ணு. எனக்குத்தேன் பிரிச்சுப் பாக்கத் தெரியும்” என்று அவள் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

போன வருஷத்துக்கு முந்திய மழைக்காலத்தில் அவளுக்குப் பல் ஈறில் ரத்தம் வந்தது. காய்க் கூடை இடித்த இடமெல்லாம் நீலம் பூத்து நின்றது. மூச்சு வாங்குகிறது என்றாள். கம்பத்தில் காட்டினார்கள், தேனியில் ரத்தம் ஏற்றினார்கள், மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரையில் ரத்தப் புற்று என்றார்கள். மகள் மகாலட்சுமி சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள்; கோடம்பாக்கத்தில் அவளும் அவள் கணவனும் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். “இங்க கொண்டு வந்துருங்கப்பா” என்று அவள் அழுதாள். கர்ணன் அண்ணன் ஜீப்பை என் கடைக்குப் பின்னால் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனார். சாவியை என் கையில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அனுசுயாவைத் தனி வார்டில் வைத்தார்கள். கொடுத்த மருந்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி சுத்தமாகப் போய்விடும், சின்னக் கிருமி போதும் என்றார்கள். கூட ஆள் தங்கக் கூடாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும், தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு ஆள் போய்ப் பார்க்கலாம். பூ கொண்டு போகக் கூடாது. பழம் கூடாது. வெளிச்சாப்பாடு கூடாது. ஊரிலிருந்து பன்னீர் திராட்சை ஒரு பெட்டி வந்தது. கர்ணன் அண்ணன் அதை வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார்.

முதல் சில நாட்கள் இரண்டு பேரும் பேசவில்லை. எப்போதும் பேசுகிறவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டே பழகியவருக்குப் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மணி அடித்ததும் எழுந்து வந்துவிடுவார்.

மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் அந்தச் சின்ன வீட்டில் பகலெல்லாம் தனியாக உட்கார முடியாமல் அவர் நடக்கத் தொடங்கினார். இத்தனை வருஷம் ஜீப்பிலேயே இருந்த மனிதர். கம்பத்தில் பெட்டிக்கடைக்குக்கூட வண்டியில்தான் வருவார். இப்போது காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் மாம்பலம், வடபழனி, சைதாப்பேட்டை என்று கால் போன பக்கம் போய், சாயங்காலம் ஆஸ்பத்திரியில் வந்து நிற்பார்.

அப்படி ஒருநாள் ஆற்காடு ரோட்டைக் கடக்க நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வண்டி ஓய்கிற மாதிரி இல்லை. மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் செய்வது போலக் கையை உயர்த்திக் காட்டினார். உடனே ஒரு ஷேர் ஆட்டோ வந்து அவர் காலடியில் நின்றது. “ஏறு நைனா, ஏறு” என்றான் டிரைவர். உள்ளே இருந்த அம்மா ஒருத்தி கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, “வாங்க, இடம் இருக்கு” என்றாள். அவ்வளவு அன்பாக இடம் விட்டவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏறிவிட்டார். வடபழனியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து வெயிலில் நடந்து திரும்பி வந்து பார்த்தால், பழையபடி ரோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறார்.

அன்று ஆஸ்பத்திரிக்குள் போக நேரமாகிவிட்டது. அனுசுயா முகத்தைத் திருப்பாமலே, “ஏன் லேட்டு?” என்று கேட்டாள்.

பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டார். அவள் திரும்பினாள், சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இம்புட்டு மலையில வண்டி ஓட்டின ஆளு, ஒரு ரோட்டைத் தாண்டத் தெரியலையா? எங்க, மறுபடி சொல்லுங்க. அந்தம்மா என்ன சொன்னாக?”

மறுநாள் உள்ளே போனதும் அவளே கேட்டாள். “இன்னைக்கி என்ன?”

அதற்குப் பிறகு அவருக்கு நடப்பது வேலையாகிவிட்டது. எதையாவது கண்டு, அதைச் சிந்தாமல் கொண்டுபோய் அவளிடம் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் தடை இல்லாத பொருள் அது ஒன்றுதான்.

ஒரு பூங்காவில் எல்லாரும் வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். இவரும் நடந்தார். சுற்றுக்குச் சுற்று அதே முகங்கள் எதிரே வந்து முறைத்தன. கடைசியில் வெள்ளை ஷூ போட்ட பெரியவர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். “சார், இங்க எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சுத்தணும். நீங்க ராங் சைடுல வர்றீங்க.” டிரைவர் புத்தி, ஒன்வேயில் புகுந்துவிட்டோம் என்று பதறிப்போய், “தப்புதேன் சார், போர்டு பாக்கல” என்றார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அங்கேயே திரும்பாமல், அகலமான இடம் வருகிற வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போய்த் திரும்பியிருக்கிறார். “ரிவர்ஸ் எடுத்தீகளா! ரிவர்ஸ் எடுத்தீகளா!” என்று அனுசுயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

இன்னொரு நாள் சைதாப்பேட்டை பக்கம் ‘கேரளா டீ’ என்று போர்டு போட்ட ஒரு கடை. மலை மேலே போய்வந்து பழகிய மலையாளம் இவரிடம் கொஞ்சம் உண்டு. “சேட்டா, ஒரு சாயா. பஞ்சார குறச்சு மதி” என்று சர்க்கரை குறைவாக ஒரு டீ கேட்டார். கடைக்காரன் முகம் மலர்ந்து, “இப்போ தராம் சேட்டா. நாட்டில் எவிடயா?” என்று ஊர் விசாரித்தான். இவர் தட்டுத் தடுமாறி ஏதோ சொல்ல, அவன் தட்டுத் தடுமாறி ஏதோ கேட்க, டீ ஆறும் வரை இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க மலையாளம் பேசினார்கள். கம்பம்மெட்டு என்ற பேர் வாயில் வந்ததும் அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“ஏண்ணே, கம்பத்துக்காரகளா நீங்க? நான் கோம்பைண்ணே! பேரு முத்துப்பாண்டி.”

“அப்ப இம்புட்டு நேரம் எதுக்குப்பா ரெண்டு பேரும் கஷ்டப்பட்டோம்?”

“யாவாரத்துக்குண்ணே. போர்டு வச்சாச்சுல்ல.”

அதன்பிறகு தினமும் நடையில் முத்துப்பாண்டியின் கடையில் ஒரு டீ.

மாம்பலத்தில் ஒரு அமைதியான தெரு. வயதான அம்மா ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிள்ளையைப் பார்த்தும் பாராமல் போவது மரியாதை இல்லை என்று இவர் நின்று குனிந்தார். உள்ளே உச்சி மயிரில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு நாய்க்குட்டி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அந்தம்மா, “அனு, அங்கிளுக்கு வணக்கம் சொல்லு” என்றாள். இவர் தன்னை அறியாமல் கையைக் கூப்பி “வணக்கம்” என்றுவிட்டார்.

அனுசுயா அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு மொட்டையாகிப் போன தன் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள். “அந்த அனுவுக்கு ரிப்பன் கட்ட முடி இருக்கு. இந்த அனுவுக்குத்தேன் இல்ல.”  அதுவரை “ஏ புள்ள” என்பதைத் தவிர அவர் அவளை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. மணி அடித்து எழும்போது, “வரட்டா, அனு?” என்றார். அவள் வெட்கப்பட்டுப் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள் என்று, பின்னொரு நாள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரே சொன்னார்.

எல்லா நாளும் அப்படி அமையுமா? சில நாள் ரத்தப் பரிசோதனை முடிவு சரியில்லை என்று காலையிலேயே போன் வரும். அன்று அவர் கண்ணில் ஒன்றும் படாது. ஊர் முழுக்க நடந்தும் வெறுமையாகத் திரும்புவார். அப்படி ஒருநாள், சேவலுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒரு ஆள் போனான் என்று ஒரு கதையை இட்டுக்கட்டிச் சொன்னார். அனுசுயா கடைசி வரை கேட்டாள்.

“இது பொய்யி” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“நெசத்தைச் சொன்னா நீங்க பாதி பாதியா நிறுத்திச் சொல்லுவீக. இதை மடமடன்னு சொல்லிப்புட்டீக.” பிறகு, “பரவால்ல. நல்லாத்தேன் இருந்துச்சு, அந்தச் சேவலு” என்றாள்.

வைத்தியத்தின் நடுவே சில நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த சுற்று மருந்துக்கு முன்னால் உடம்பு தேறட்டும் என்றார்கள். கூட்டத்துக்குள் போகாதீர்கள், பச்சைக் காய்கறி தொடாதீர்கள், மாஸ்க்கை எடுக்காதீர்கள் என்று ஆயிரம் சொன்னார்கள். மகாலட்சுமி வீட்டைத் தினமும் மருந்து போட்டுத் துடைத்தாள். ஆனால் அனுசுயா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க மெட்ராஸை நான் பாக்க வேணாமா?” என்றாள் ஒருநாள். “சும்மா ஒரு எட்டு. மகா வர்றதுக்குள்ள வந்துருவம்.”

அவர் முடியாது என்றுதான் சொன்னார். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மகளின் துப்பட்டாவைத் தலையில் சுற்றி, மாஸ்க் மாட்டி, ஒரு ஆட்டோவில் முத்துப்பாண்டியின் கடைக்குக் கூட்டிப் போனார். அவன் கிளாஸைக் கொதிக்கிற நீரில் முக்கி முக்கிக் கழுவி டீ போட்டுக் கொடுத்தான். டீ முடிவதற்குள் அவள் அவனுடைய பெரியம்மா வீட்டு வழியில் ஏதோ உறவு கண்டுபிடித்துவிட்டாள். திரும்பும்போது, வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கையிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, “கொஞ்சம் நடப்பம்” என்றாள். நாலு தெரு தாண்டுவதற்குள் கால் பின்னியது. பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தெருவைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ எதுவும் உள்ளே வரவில்லை. தூக்கிக்கொண்டு போகலாமா என்று அவர் குனிந்தார். “வேணாம், ஊரு பாக்கும்” என்றாள்.

அப்போது காய்கறித் தள்ளுவண்டி ஒன்று வந்தது. தள்ளி வந்தவர் பேர் சுந்தர்ராஜ். ஒரு நிமிஷம் பார்த்தார். கோஸை ஒரு பக்கமாக ஒதுக்கி, சாக்கை உதறி விரித்து, “அக்கா, ஏறி உக்காருங்க. மெயின் ரோடு வரைக்கும் விடுறேன்” என்றார்.

கோஸுக்கும் கத்திரிக்காய்க்கும் நடுவில் அனுசுயா உட்கார்ந்தாள். கர்ணன் அண்ணன் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வண்டியில் கட்டியிருந்த ஸ்பீக்கர், பதிவு செய்த குரலில் “தக்காளி, வெங்காயம்” என்று கத்திக்கொண்டே வந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் அனுசுயாவைப் பார்த்து, “கத்திரிக்கா இளசாம்மா?” என்று கேட்டாள்.

அவள் யோசிக்கவே இல்லை. “இளசுதேன் தாயி. அந்தப் பக்கத்துல இருக்கதை எடுக்காதீக, முத்தல். இதை எடுங்க” என்றாள்.

சுந்தர்ராஜ் வாயைப் பிளந்தார். அடுத்த வீட்டில் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது. அனுசுயா ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னாள். “என்னய்யா இது, செத்த குரல்ல கூப்புடுது” என்று சொல்லிவிட்டு, மாஸ்க்குக்குள்ளிருந்து தானே கூவினாள். “ஆத்தா, வாங்க! அவரை பிஞ்சா இருக்கு! கேரட்டு இனிப்பா இருக்கு!” மாசக்கணக்கில் முணுமுணுப்பாகக் கிடந்த குரல் அது. கதவுகள் திறந்தன. வந்தவர்களுக்கெல்லாம் கேளாமலே கறிவேப்பிலைக் கொத்து கிள்ளிப் போட்டாள். சுந்தர்ராஜ் மெயின் ரோட்டைத் தாண்டி அவர்கள் வீட்டு வாசல் வரைக்குமே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். “அக்கா, நாளைக்கும் வந்துருங்க” என்றார்.

படியேறும்போது அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “பாத்தீகளா? என்னைச் சீக்காளின்னு ஒருத்தரும் கண்டுபிடிக்கல.”

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்து மகாலட்சுமி கேட்டாள். “அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போனீகளாப்பா?”

“ம்” என்றார்.

“எங்க?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தள்ளுவண்டியையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. “பச்சைக் காய்கறி மேல உக்கார வச்சீகளா? நான் ராத்திரி பகலா அந்த வீட்டைத் தொடைச்சேனே. எதுக்குத் தொடைச்சேன்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவரிடம் சாப்பாடு, மருந்து என்று ஒற்றை வார்த்தையில்தான் பேசினாள்.

அவர் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டார். “வெளியே போனதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல முடியாது. இந்த நிலையில உடம்புக்குள்ள இருக்கிற கிருமியே போதும். வீட்டுக்குள்ளயே வச்சிருந்தாலும் வந்திருக்கலாம்” என்றார் டாக்டர். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் இவர் காதில் ‘சொல்ல முடியாது’ என்பது மட்டும் தங்கிவிட்டது. ஆமாம் என்று சொல்ல முடியாது என்றால் இல்லை என்றும் சொல்ல முடியாதுதானே.

அனுசுயாவைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். வாயில் குழாய். அவள் பேச முடியாது. ஒரு நாளைக்குச் சில நிமிஷம் மட்டும் பார்க்க விட்டார்கள். அவர் அப்போதும் நடந்துவிட்டுத்தான் வந்தார். இப்போது நடக்கப் பிடிக்கவில்லை, ஆனால் அவள் கண்ணைத் திறந்து “இன்னைக்கி என்ன?” என்பது போலப் பார்ப்பாள் என்று ஒரு எண்ணம். சுந்தர்ராஜின் வண்டியைத் தேடித் தேடித் தெருத்தெருவாக அலைந்து ஒருநாள் பிடித்தார். அன்று அவள் காதருகில் குனிந்து சொன்னார்.

“அனு... அந்தக் காய்கறிக்காரரைப் பாத்தேன்... தெருவுல எல்லாரும்... ‘அந்த அக்கா எங்க’ன்னு கேக்குறாகளாம். ஸ்பீக்கர் போட்டா... ‘நிறுத்துய்யா, அந்தக்காவைக் கூப்பிடச் சொல்லு’ன்னு... மாடியில கூடை விடுவாகள்ல, அவுக... கறிவேப்பிலைக்குச் சண்டையாம்...”

நிஜமாகவே நடந்ததுதான். முத்துப்பாண்டியும் அன்று கூட இருந்திருக்கிறான். கேட்டாளா என்று தெரியவில்லை. இமை ஒரு தடவை அசைந்தது என்கிறார். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்சில் டிரைவருக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். பின்னால் அம்மாவின் பக்கத்தில் மகாலட்சுமி. மருமகன் முன்னாலேயே பஸ்ஸில் போய் ஊரில் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி. 

வீரபாண்டியில் வண்டி நின்றுவிட்டது. கௌமாரியம்மன் திருவிழா. ரோடு கொள்ளாத கூட்டம். தீச்சட்டியும் மேளமும், ராட்டினத்திலிருந்து பிள்ளைகள் போடும் கூச்சலும். டிரைவர் சைரன் போட்டார். மேளத்தில் அது கேட்கவில்லை. ரோட்டோரம் பந்தல் போட்டு, நிற்கிற வண்டிக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர் ஓடி வந்து ஜன்னலில் டம்ளரை நீட்டினார்.

“பிடிங்கண்ணே, ஆத்தா மோரு. வேணாங்கக் கூடாது. பின்னாடி எத்தனை பேரு?”

“ரெண்டு பேரு” என்றார் கர்ணன் அண்ணன்.

மஞ்சள் வேட்டிக்காரர் இன்னும் இரண்டு டம்ளரைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடினார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். கர்ணன் அண்ணன் இரண்டு டம்ளரையும் பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக நீட்டினார். நீட்டிக்கொண்டே, முகத்தில் லேசாகச் சிரிப்போடு, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றது. மகாலட்சுமி இரண்டு டம்ளரையும் வாங்கிக்கொண்டாள்.

காரியம் முடிந்து அவள் சென்னைக்குப் போனாள். மாதக்கணக்கில் பேசவில்லை. மருமகன் மட்டும் அவ்வப்போது போன் செய்து விசாரிப்பான். கர்ணன் அண்ணன் தார்ப்பாயை எடுத்து ஜீப்பைக் கழுவினார். பிழைப்பு இருக்கிறதே. முன் சீட்டில் யாரும் ஏறாமல் பெண்கள் எல்லாரும் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், பேச்சும் இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, “மொக்கம்மா அக்கா, முன்னாடி வாங்க. வண்டி பின்பாரமா இழுக்குது” என்றார். மொக்கம்மாள் வந்து உட்கார்ந்தாள். ஆனால் அவள் தூங்குகிறவள்.

வருஷத் திதிக்கு மகாலட்சுமி வந்தாள். சுருளி அருவியில் குளித்துத் தர்ப்பணம் கொடுத்து, பிண்டத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். காக்கை வருவதற்குள் ஒரு குரங்கு குதித்து இலையோடு அள்ளிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ஐயர் மேலே பார்த்து, “விடுங்கோ, அதுவும் பசியோட வந்திருக்கு” என்றார். குரங்கு ஒரு வாய் தின்றுவிட்டு, பிடிக்காததுபோல மிச்சத்தைக் கீழே ஐயர்மேலேயே போட்டது. மகாலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அழுகையும் வந்தது. ஈரத் துணியோடு பாறையில் உட்கார்ந்து அழுதாள். கர்ணன் அண்ணன் கொஞ்ச தூரத்தில் நின்றார்.

“டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும்பா” என்றாள் அவள், அழுகை அடங்கியபின். “யார் மேலயாச்சும் கோவப்படணும்ல.”

“என் மேலயே படு ஆத்தா.”

“அதேன் பட்டேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அந்த ரெண்டு டம்ளர் மோரையும் நான்தேன் குடிச்சேன். கீழ ஊத்த மனசு வரல.”

அவர் தலையை ஆட்டினார்.

“கண்ணாடி வழியா ஏதோ சொல்ல வந்தீகளே. என்னப்பா அது?”

அவர் சொல்லவில்லை. அன்று மட்டும் இல்லை, இன்றுவரைக்கும் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று ஜீப்பில் சுருளியிலிருந்து கம்பம் வருகிற வழியில், ஷேர் ஆட்டோவில் ஏறி வடபழனி போன கதையை மகளுக்குச் சொல்லியிருக்கிறார். தினம் ஒரு மணி நேரம் அப்பா அம்மாவிடம் என்ன பேசினார் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அப்பாவுக்குப் பேச வரும் என்பதே தெரியாது.

இப்போது சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு, ஜீப்பை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு, அவர் காந்தி சிலை வரைக்கும் நடந்துபோய்த் திரும்புகிறார். சரியாக அந்த நேரத்துக்கு மகள் போன் செய்வாள். பஸ் ஸ்டாண்டில் எவனோ தப்பான பஸ்ஸில் ஏறி உத்தமபாளையத்துக்கு டிக்கெட் கேட்டதை, நிறுத்தி நிறுத்தி அவர் சொல்வது எனக்கு இங்கே கேட்கும். கம்பம் சின்ன ஊர். தினமும் என்ன நடந்துவிடப் போகிறது? பல நாள் ஜீப்பில் சாய்ந்து நின்று, “இன்னைக்கி ஒண்ணும் இல்ல ஆத்தா” என்பார். அதன்பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டார். அந்தப் பக்கமும் யாரும் வைப்பதில்லை போலிருக்கிறது.